துளையிலிருந்து தொடங்குங்கள்: கண்ணாடி மணி மாலை, வாசகர் கேள்வி பதில்

கண்ணாடி மணி மாலை செய்வது பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியதில் உயரமான அடுக்கு ‘அறுந்துபோச்சு’ அடுக்குதான். அதிலிருந்தே தொடங்குகிறோம். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

8 மி.மீ. கண்ணாடி மணியை நைலான் நரம்பில் கோத்து மூன்று மாலை செய்து சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தேன். ஆறு மாதத்துக்குள் மூன்றும் அறுந்து வந்துவிட்டன. மூன்றுமே கொக்கிக்குப் பக்கத்தில்தான் அறுந்திருக்கின்றன. நரம்பு சரியில்லையா, என் கை சரியில்லையா?
– வாசகி, கும்பகோணம்

நரம்பும் சரியில்லை, முடித்த விதத்திலும் குறை இருக்கிறது. ஆனால் முதல் குற்றவாளி மணியின் துளை. கண்ணாடி மணியின் துளை ஓரம் பல நேரம் உடைந்த வளையல் விளிம்பு போலக் கூராக இருக்கும். மாலை போட்டவர் குனிந்து நிமிரும்போதெல்லாம் நூல் அந்த விளிம்பில் உரசுகிறது. மற்ற இடங்களில் நூல் மணிக்கு மணி நேராகப் போகிறது. கொக்கி வளையத்தில் மட்டும் மடிந்து திரும்புகிறது. 8 மி.மீ. மணி ஒன்று ஏறக்குறைய 0.65 கிராம், 18 அங்குல மாலைக்கு 57 மணி என்றால் 37 கிராம். அவ்வளவும் அந்த இரண்டு மடிப்புகளில்தான் தொங்குகிறது. அறுவதானால் அங்கேதான் அறும்.

கோக்கும் முன் துளையைச் சோதியுங்கள். சாதாரணப் பருத்தி நூலை ஒரு மணிக்குள் விட்டு, இரண்டு முனையையும் பிடித்து, ஓரத்தில் அழுந்தும்படி இருபது முறை இழுத்து விடுங்கள். நூலில் பஞ்சு எழும்பினால் ஓரம் கூர். ஒரு சரத்தில் நாலைந்து மணி இப்படி இருந்தால் அந்தச் சரத்தை நரம்பிலோ நூலிலோ கோக்காதீர்கள். வைரப் பொடி பூசிய சின்ன ரீமர் (துளை ஓரத்தைத் தேய்க்கும் ஊசி அரம்) கிடைக்கிறது. மணியைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு, ரீமரைத் துளை வாயில் வைத்து நாலு சுற்று சுற்றினால் கூர் போய்விடும். உலர்வாகச் செய்யக்கூடாது. கண்ணாடித் தூள் மூக்கில் ஏறும், ரீமரும் சீக்கிரம் மொட்டையாகும்.

நைலான் நரம்பு தூண்டிலுக்கு நல்லது. கழுத்தில் அது மெல்ல நீளும், வெயில் பட்டால் நாளடைவில் மொறுமொறுப்பாகும், போட்ட முடிச்சும் நழுவும். கண்ணாடி மணிக்கு கியர் வயர் வாங்குங்கள்: மெல்லிய எஃகு இழைகளை முறுக்கி மேலே நைலான் பூசியது. 7 இழை, 19 இழை, 49 இழை என்று வரும். கடையில் விலை குறைவாகக் கொடுப்பது பெரும்பாலும் 7 இழை. ஒரு தடவை மடிந்துவிட்டால் அந்த மடிப்பு போகவே போகாது. 49 இழை நூல் போலத் துவளும். 8 மி.மீ. மணிக்கு 0.38 மி.மீ. தடிமன் போதும். மணி பெரிதாகவோ ஓரம் முரடாகவோ இருந்தால் 0.45க்குப் போங்கள்.

முடிக்கும் விதம்: கடைசி மணிக்குப் பிறகு ஒரு பொடிப்பாசி (மிகச் சின்னக் கண்ணாடி மணி), அதன் பிறகு 2 மி.மீ. கியர் லாக் (அழுத்தினால் வயரைக் கவ்விக்கொள்ளும் சின்ன உலோகக் குழல்), பிறகு கொக்கியின் வளையம். வயரை வளையத்தில் விட்டுத் திருப்பி, லாக், பாசி, கடைசி இரண்டு மூன்று மணி வழியாக ஓர் அங்குலமாவது உள்ளே செலுத்துங்கள். லாக்கை அழுத்தும் முன் ஒரு சோதனை. மாலையை ஒரு பெரிய தம்ளரைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். மணிகள் விறைத்து, வளைய மறுத்தால் இறுக்கம் அதிகம். 2, 3 மி.மீ. வயர் மணிகளுக்கு வெளியே தெரியும் அளவுக்கு விட்டுக்கொடுங்கள். பலரும் அந்த இடைவெளியைக் கண்டு பதறி இழுத்து இறுக்குகிறார்கள். அப்படி இறுக்கிய மாலையில் ஒவ்வொரு மணியும் அடுத்த மணியின் விளிம்போடு சேர்ந்து வயரைக் கத்தரிக்கோல் போல வெட்டும்.

லாக்கை அழுத்துவதற்கென்றே இரண்டு பள்ளமுள்ள பிளையர் இருக்கிறது. முதலில் பிறை வடிவப் பள்ளத்தில் வைத்து அழுத்தினால் நடுவில் ஒரு வரி விழும். வரிக்கு இந்தப் பக்கம் ஒரு வயர், அந்தப் பக்கம் ஒரு வயர் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டால் அழுத்தியும் பயனில்லை, வெட்டிவிட்டு வேறு லாக் போடுங்கள். பிறகு கால் சுற்றுத் திருப்பி, வட்டப் பள்ளத்தில் வைத்து மடித்து மூடுங்கள். கொக்கி வளையத்தில் உரசும் இடத்தில் குதிரை லாட வடிவ வயர் கவசம் ஒன்று மாட்டினால் மடிப்பும் காப்பாற்றப்படும். விலை சில ரூபாய்தான். மூன்று மாலை திரும்பி வந்த பிறகு அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

16 அங்குலம் என்று ஸ்கேலில் வைத்து அளந்துதான் கோக்கிறேன். 4 மி.மீ. மணியில் சரியாக இருக்கிறது. 12 மி.மீ. மணியில் செய்தால் கழுத்தை இறுக்குகிறது. அளவு ஒன்றுதானே?
– வாசகர், சிவகாசி

ஸ்கேலில் படுத்திருக்கும்போது ஒன்றுதான். கழுத்தில் வளைந்தால் ஒன்று இல்லை. நீங்கள் அளப்பது மணிகளின் நடுவே ஓடும் நூலின் நீளம். கழுத்தைத் தொடுவது மணிகளின் உள்பக்கம். உள்பக்கச் சுற்றளவு, நூல் நீளத்தைவிட மணியின் விட்டத்தைப் போல 3.14 மடங்கு குறையும். 4 மி.மீ. மணிக்கு இது 12.5 மி.மீ., அதாவது அரை அங்குலம். யாரும் கவனிக்க மாட்டார்கள். 12 மி.மீ. மணிக்கு 38 மி.மீ., ஒன்றரை அங்குலம். உங்கள் 16 அங்குலம் கழுத்துக்கு வந்தபோது பதினாலரைதான்.

ஆகவே வேண்டிய நீளத்தோடு விட்டம் × 3.14 கூட்டுங்கள், கொக்கியின் நீளத்தைக் கழியுங்கள், மீதியை மணியின் அளவால் வகுங்கள். 10 மி.மீ. மணியில் 16 அங்குலம் வேண்டும் என்றால்: 406 + 31 = 437. கொக்கியும் வளையங்களும் 20 மி.மீ. என்றால் மீதி 417. 41 அல்லது 42 மணி. நடுவில் ஒரு மணி நிற்க வேண்டுமானால் ஒற்றைப்படை, அதாவது 41 போட்டு, மீதியை இரண்டு பக்கமும் பொடிப்பாசியால் நிரப்புங்கள்.

ஒன்று மறக்கக்கூடாது. கையால் செய்த மணிக்கு அட்டையில் எழுதிய அளவு பேருக்குத்தான். பத்து மணியை வரிசையாக ஓர் ஊசியில் ஏற்றி ஸ்கேலில் வையுங்கள். 96 மி.மீ. வந்தால் உங்கள் மணி 9.6. அதைக் கொண்டு வகுங்கள். இவ்வளவு கணக்கு வேண்டாம் என்பவர்கள், முன்பக்கம் 10 அங்குலம் மட்டும் மணி கோத்து பின்பக்கம் பேக் ரோப் (இழுத்து அளவு மாற்றும் கயிறு) மாட்டிவிடலாம். நீளத்தை ஏற்றி இறக்கலாம், பிடரியில் எடையும் இருக்காது.

ஆன்லைனில் கண்ணாடி மணி என்று வாங்கினேன். பிளாஸ்டிக்கோ என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, நாகர்கோவில்

கன்னத்தில் வையுங்கள். கண்ணாடி சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் உடனே உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். முன்பல்லில் லேசாகத் தட்டினால் கண்ணாடி ‘டிக்’ என்று கேட்கும், பிளாஸ்டிக் ஓசை அமுங்கிவிடும். ஒரே அளவு மணியில் கண்ணாடியின் எடை அக்ரிலிக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்கும் மேல் சந்தேகம் என்றால் சூடான ஊசி நுனியைத் துளை ஓரத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் உருகி நாறும்.

பொன்னிறப் பொடிப்பாசியில் பின்னிய அட்டிகை இரண்டே மாதத்தில் சாம்பல் நிறமாகிவிட்டது. இன்னொன்றில் ரோஜா நிறப் பாசி வெள்ளையாகிவிட்டது. கண்ணாடிக்குமா சாயம் போகும்?
– வாசகி, திண்டுக்கல்

கண்ணாடிக்குச் சாயம் போகாது, கண்ணாடிமேல் பூசியது போகும். நிறம் எங்கே இருக்கிறது என்று பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை பாதி தீர்ந்தது.

உருக்கும்போதே உலோகச் சேர்மம் கலந்து நிறமேற்றிய கண்ணாடி காலத்துக்கும் மாறாது. கோபால்ட் கலந்தால் நீலம், தாமிரம் கலந்தால் மயில் பச்சை, மாங்கனீசு கலந்தால் ஊதா. அப்படிப்பட்ட மணியை உடைத்தால் உள்ளேயும் அதே நிறம் இருக்கும். அடுத்து, துளைக்குள் மட்டும் நிறம் பூசியவை. நிறமற்ற கண்ணாடிக்குள் ரோஜாவும் ஊதாவும் தெரியும். வெயிலுக்கு முதலில் வெளுப்பவை இவைதான். உங்கள் இரண்டாவது அட்டிகை இந்த ரகம். மூன்றாவது, துளைக்குள் வெள்ளி பூசியவை. நூல் உரசியும் வியர்வை இறங்கியும் வெள்ளி கறுக்கும். நாலாவது, வெளியே உலோகம் பூசியவை. இவைதான் கடையில் தகதகவென்று கண்ணைப் பறிக்கும். கழுத்து வியர்வையும் சென்ட்டும் பட்டால் பூச்சு தேய்ந்து, அடியிலுள்ள மங்கிய கண்ணாடி தெரியும். உங்கள் பொன்னிறம் அது.

வாங்கியதும் பத்து பாசியை எடுத்து மூன்று சோதனை செய்யுங்கள். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனில் நனைத்த வெள்ளைப் பஞ்சில் நாலைந்தைத் தேயுங்கள். இன்னும் சிலவற்றை ஈரத் துணியில் வைத்துக் கட்டைவிரலால் நூறு முறை உருட்டுங்கள். மீதியை வெயில் விழும் ஜன்னலில் இரண்டு வாரம் வைத்து, டப்பாவில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். பொன்னிறம்தான் வேண்டும் என்றால் ஜப்பானின் மியூகி ‘டியூராகோட்’ என்றும், டோஹோ ‘பெர்மனென்ட் ஃபினிஷ்’ என்றும் விற்கும் ரகங்களை வாங்குங்கள். சாதாரணப் பூச்சைவிட நெடுநாள் தாங்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும்.

அளவு எண் பற்றியும் ஒரு வார்த்தை: எண் கூடக்கூடப் பாசி சின்னதாகும். 6/0 ஏறக்குறைய 4 மி.மீ., 8/0 என்றால் 3, 11/0 என்றால் 2.2, 15/0 என்றால் 1.5. நிறம் கலக்கும்போது செக் நாட்டுப் பாசியையும் ஜப்பான் பாசியையும் ஒரே வரியில் சேர்க்காதீர்கள். இரண்டிலும் 11/0 என்றே எழுதியிருந்தாலும் செக் பாசி தட்டையாக, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பின்னல் கோணிக்கொள்ளும்.

மூன்று சர ஆரம் செய்தேன். மூன்று சரமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது. நடுச்சரம் தெரியவே இல்லை. நீளம் அரை அரை அங்குலம் கூட்டித்தான் வைத்தேன்.
– வாசகி, தூத்துக்குடி

அரை அங்குலம் போதாது. முன்கழுத்தில் சரங்கள் அரைவட்டமாக விழுகின்றன. ஒரு சரத்துக்கும் அடுத்த சரத்துக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டுமோ அதை 3.14ஆல் பெருக்கினால் வருவது கூட்ட வேண்டிய நீளம். 8 மி.மீ. மணிச் சரங்கள் உரசாமல் கிடக்க நடுவிலிருந்து நடுவுக்கு 10 மி.மீ. வேண்டும், எனவே ஒவ்வொரு சரமும் முந்தையதைவிட 31 மி.மீ., ஒன்றேகால் அங்குலம் நீளமாக இருக்கட்டும். இன்னும் பளிச்சென்று பிரிந்து தெரிய வேண்டுமா, இரண்டு அங்குலம் கொடுங்கள்.

நீளம் சரியாக இருந்தும் ஏறிக்கொண்டால் எடையைப் பாருங்கள். கனமான மணி உள்சரத்தில் இருந்தால் அது கீழே இறங்கி வெளிச்சரத்தின்மேல் உட்காரும். கனம் எப்போதும் வெளிச்சரத்தில். மூன்று சரமும் ஒரே துளையில் சேரும்படி முடிப்பதும் குழப்பத்துக்கு வழி. மூன்று துளையுள்ள கனெக்டர் போடுங்கள்.

லாக் அழுத்துவதற்கு முன் ஆறு முனையையும் துணிக் கிளிப்பால் பிடித்துக் கழுத்துப் பொம்மையில் மாட்டிப் பாருங்கள். பொம்மை இல்லையென்றால் யாராவது ஒருவரின் கழுத்தில். மேசையில் படுக்கவைத்துப் பார்ப்பது பயன்படாது, மேசைக்குத் தோள் கிடையாது. மொத்த எடையையும் கணக்குப் பாருங்கள். 10 மி.மீ. மணி ஒன்று ஏறக்குறைய 1.25 கிராம். 45 மணி வீதம் மூன்று சரம் என்றால் 170 கிராம் வந்துவிடும். கல்யாண வீட்டில் ஒரு மணி நேரம் போடலாம், நாள் முழுக்க முடியாது. பெரிய மணியை முன்பக்கம் ஏழு அல்லது ஒன்பதோடு நிறுத்தி, மேலே போகப்போக 8, 6, 4 என்று இறக்கிக்கொண்டு வந்தால் பார்வைக்கு ஆரம் அதேதான், எடை பாதிக்கு வரும்.

கைக்குழந்தைக்குக் கட்டும் கருப்பு வெள்ளைப் பாசியை நானே கண்ணாடியில் கோத்து விற்கலாமா?
– வாசகி, ஈரோடு

வேண்டாம். எந்த வயரும் எந்த லாக்கும் ஒருநாள் அறும். உதிர்ந்த பாசி குழந்தையின் வாய்க்கும் மூச்சுக்குழலுக்கும் போகும் அளவு. மூன்று வயதுக்குள் உள்ள குழந்தைக்கு மணி கோத்த எதையும் விற்காதீர்கள்.

பாட்டியின் கருகமணிச் சரம். நூல் இற்றுப்போய்விட்டது. மறுபடி நூலில் கோப்பதா, கம்பியில் கட்டுவதா? மணிகளில் வெண்மையாகப் படிந்திருக்கிறது.
– வாசகி, கீழக்கரை

வெண்மை பெரும்பாலும் பவுடரும் சோப்பும் வியர்வையும் சேர்ந்த படிவுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு, பத்து நிமிடம் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். துளைக்குள் பழைய நூல் சிக்கியிருக்கும். ஊசியால் குத்தித் தள்ளாதீர்கள், துளை வாய் பெயர்ந்துவிடும். ஊறிய பிறகு மெல்லிய நரம்பு விட்டு இழுத்தால் வந்துவிடும். வினிகர், எலுமிச்சை, பாத்திரம் துலக்கும் பொடி எதுவும் வேண்டாம். கழுவியதும் ஒவ்வொரு மணியாக வெளிச்சத்தில் பாருங்கள். கருகமணி என்று பெயரே தவிர, பல மணிகள் உண்மையில் மிக அடர்ந்த ஊதாவோ பச்சையோதான். மெல்லிய ஓரத்தில் வெளிச்சம் பட்டால் தெரியும். விரிசல் கண்ட மணியைத் தனியே எடுத்துவையுங்கள்.

தினமும் கழுத்தில் இருக்கும் சரம் என்றால் கம்பிதான் நல்லது. ஒரு மணி போனாலும் சரம் முழுக்கச் சிதறாது. 3, 4 மி.மீ. கருகமணியின் துளைக்கு 24 கேஜ், அதாவது 0.5 மி.மீ. கம்பி நுழையும். நுழையாத மணிக்கு அதைவிட மெல்லிய 26 கேஜ் எடுங்கள், இடித்து நுழைக்காதீர்கள். மணிக்கு வெளியே 2 மி.மீ. தண்டு விட்டு, வட்ட மூக்குப் பிளையரில் ஒரு கண் வளைத்து, அடுத்த மணியின் கண்ணை அதில் மாட்டி, மீதிக் கம்பியைத் தண்டில் இரண்டரைச் சுற்று சுற்றி ஒட்ட வெட்டுங்கள். சுற்றாமல் வெறும் கண்ணாக விட்டால் இழுபட்டுத் திறந்துகொள்ளும். வெட்டிய நுனி சேலையில் மாட்டும். பிளையர் நுனியால் அதைத் தண்டோடு அழுத்தி, விரலால் தடவி, உறுத்தவில்லை என்று தெரிந்த பிறகு அடுத்த மணிக்குப் போங்கள். முலாம் பூசிய பித்தளைக் கம்பி இந்த வேலைக்கு உதவாது. வியர்வையில் பச்சை பூக்கும். தங்கக் கம்பி என்றால் நகை கட்டுபவரிடமே கொடுத்துவிடுவது மேல்.

கேஸ் டார்ச்சின் தீயில் கண்ணாடிக் கோலை உருக்கி மணி செய்யப் பழகுகிறேன். செய்தபோது நன்றாக இருக்கும் மணி மறுநாள் காலையில் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. சிலது கோத்த பிறகு உடைகிறது. மணலில் புதைத்துத்தான் ஆறவைக்கிறேன். பச்சை நிறத்துக்குப் பாட்டில் கண்ணாடியும் கலக்கிறேன்.
– வாசகர், சென்னை

விடையை நீங்களே கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள். கண்ணாடி சூட்டில் விரியும், ஆறும்போது சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பது கண்ணாடிக்குக் கண்ணாடி வேறு. மணி செய்ய விற்கும் கோல்களில் 104, 96, 90, 33 என்று போட்டிருப்பது அந்த அளவைத்தான். இத்தாலிய மென்கண்ணாடி 104; ஆய்வகக் குடுவைக் கண்ணாடியான போரோசிலிகேட் 33. பாட்டில் கண்ணாடி 104க்கு ஒத்துவராது. இரண்டையும் உருக்கிச் சேர்த்தால் நெருப்பில் ஒன்றாக இருக்கும், ஆறும்போது ஒன்றையொன்று கிழிக்கும். ஒரே பெட்டியில் வேறு வேறு எண்ணுள்ள கோல்களைப் போட்டுவைக்காதீர்கள், வெட்டிய துண்டில் எண் இருக்காது. பாட்டில் பச்சை பிடித்திருந்தால் முழு மணியையும் ஒரே பாட்டிலில் செய்யுங்கள்.

கலக்காத மணியும் உடைகிறதென்றால் பதப்படுத்தல், அதாவது ஒரே சூட்டில் நிறுத்திவைத்து மெல்ல ஆறவிடுவது, இல்லை என்று பொருள். மணியின் மேல்தோல் முதலில் ஆறி விறைத்துக்கொள்கிறது; உள்ளே இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கிறது. அந்த இழுவிசை உள்ளேயே தங்கிவிடும். மறுநாள் உடைந்தாலும் உடையும், ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் கழுத்தில் உடைந்தாலும் உடையும். மணலோ வெர்மிகுலைட் என்ற கனிமத் துகளோ ஆறும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான், பதப்படுத்தாது. அதற்கு வெப்பநிலை காட்டும் சூளை வேண்டும். 104 ரகத்துக்கு 510 டிகிரி செல்சியஸ் அளவில் 12 மி.மீ. வரையான மணியை அரை மணி நேரம், அதைவிடப் பெரியதை ஒரு மணி நேரம் வைத்து, ஒரு மணி நேரத்துக்கு 50, 60 டிகிரி வீதம் 370 வரை இறக்கி, பிறகு அணைத்துவிட்டுக் காலையில் திறங்கள். இடையில் எட்டிப் பார்க்காதீர்கள். சூளை இல்லையென்றால் இப்போதைக்கு மணலில் ஆறவைத்து, சேர்த்துவைத்து, சூளை உள்ள இடத்தில் கொடுத்து மெல்லச் சூடேற்றிப் பதப்படுத்திக்கொள்ளலாம். மணலில் உடையாமல் தப்பியவற்றை மட்டும்.

உள்ளே இழுவிசை இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கணினித் திரையில் முழு வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்து, போலராய்டு குளிர்கண்ணாடியைக் கண்ணுக்கு முன் திருப்பிக்கொண்டே போங்கள். எல்.சி.டி. திரையானால் ஒரு நிலையில் திரை கறுக்கும். அங்கேயே நிறுத்தி, திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே மணியைப் பிடியுங்கள். நல்ல மணி கறுப்பாகவே இருக்கும். துளையைச் சுற்றியோ இரண்டு நிறம் சேரும் கோட்டிலோ வெள்ளைத் திட்டு மின்னினால் அந்த மணி உடையக் காத்திருக்கிறது. ஒளி ஊடுருவும் மணிக்கு மட்டுமே இந்தச் சோதனை.

துளை வாய் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மாலைக்கு அதுதான் உயிர். எஃகுக் கம்பியில் கண்ணாடியைச் சுற்றும்போது அடி அகலத்துக்கேற்ற அளவு கண்ணாடி சேர்க்க வேண்டும். குறைத்துச் சேர்த்தால் மணியின் இரண்டு முனையும் கம்பியோடு மெலிந்து, பல் போலக் கூராக நீட்டும். போதுமான அளவு சேர்த்து உருக விட்டால் கண்ணாடி தானே உருண்டு, முனைகள் உள்ளே குழிந்து, தொப்புள் போல வழவழப்பாகும். நெருப்பிலேயே இது சரியாகிவிட்டால் பிறகு ரீமர் தேவையே இல்லை. மணி ஒட்டாமலிருக்கக் கம்பியில் பூசிய களிமண்ணைத் துளையிலிருந்து எடுக்கும்போது தண்ணீருக்குள் வைத்துத் தேயுங்கள். உலர்ந்த தூள் நுரையீரலுக்குக் கெடுதல். சாதாரணக் கறுப்புக் கண்ணாடி போட்டு டார்ச் முன் உட்காராதீர்கள். சோடியத்தின் மஞ்சள் ஒளியை மட்டும் தடுக்கும் டிடிமியம் கண்ணாடி போட்டால்தான் தீக்குள் மணி கண்ணுக்குத் தெரியும். காற்றை வெளியே இழுக்கும் விசிறி இல்லாத அறையில் இந்த வேலையே கூடாது.

அரிக்கமேட்டில் கிடைக்கும் அவ்வளவு சின்னக் கண்ணாடி மணிகளையும் இப்படி ஒவ்வொன்றாகக் கம்பியில் சுற்றித்தான் செய்தார்களா?
– வாசகர், புதுச்சேரி

இல்லை. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டிலும், தென்கிழக்கு ஆசியக் கரைகள் வரையிலும் கிடைக்கும் அந்தப் பொடி மணிகளை இந்தோ-பசிபிக் மணிகள் என்பார்கள். உருகிய கண்ணாடியை உள்ளே காற்றுக் கூடு இருக்கும்படி நீண்ட குழலாக இழுத்து, ஆறியதும் பொடிப்பொடியாக நறுக்கிச் செய்தவை. துளை தனியாக இடப்படுவதே இல்லை. குழலின் வெற்றிடம்தான் துளை. நறுக்கிய துண்டின் ஓரம் கூராக இருக்குமே என்றால், துண்டுகளைச் சாம்பலில் கலந்து மறுபடி சூடேற்றுவார்கள். சாம்பல் துளைக்குள் புகுந்து அது அடைபடாமல் காக்கும், சூடு ஓரத்தை மழுக்கும். இதே குழல் இழுப்பு முறை ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம் வரை தொடர்ந்தது. இன்றைய பொடிப்பாசியும் இயந்திரத்தில் இழுத்த குழலை நறுக்கி வருவதுதான். நறுக்கி, மழுக்காமல் விட்டது ஆரி வேலையில் வரும் குழல் பாசி. அதனால்தான் அது நூலை அறுக்கிறது. குழல் பாசிக்கு இரண்டு பக்கமும் ஒரு பொடிப்பாசி வைத்துத்தான் கோக்க வேண்டும்.

முத்துமாலை மாதிரி மணிக்கு மணி முடிச்சுப் போட்டுக் கோக்கிறேன். முடிச்சு மணியோடு ஒட்டி உட்கார மாட்டேன் என்கிறது. சில இடத்தில் முடிச்சே துளைக்குள் போய்விடுகிறது.
– வாசகி, திருச்சி

முடிச்சை விரலால் இறுக்காதீர்கள். தளர்வாக ஒரு கண் போட்டு, அதற்குள் தடித்த ஊசி ஒன்றை விட்டு, ஊசியின் நுனியால் கண்ணை மணி வரை தள்ளிக்கொண்டு போங்கள். மணியைத் தொட்ட பிறகு நூலை இழுத்தபடி ஊசியை உருவுங்கள். கடைசியாக இரட்டை நூலின் இரண்டு இழைகளையும் எதிரெதிர்ப் பக்கம் விரித்து இழுத்தால் முடிச்சு மணியை நோக்கி இன்னும் ஒரு மயிரிழை நகரும். முடிச்சு துளைக்குள் போகிறதென்றால் நூல் மெல்லிது. தடிமனைக் கூட்டுங்கள். துளை இரண்டு மி.மீ.க்கு மேல் என்றால் எந்த முடிச்சும் நிற்காது, இடையில் துளைக்குள் போகாத அளவுப் பாசி வையுங்கள்.

பட்டுநூல் என்றால் முதல் நாள் இரவே நனைத்து, அடியில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிட்டு நீட்சியை எடுத்துவிடுங்கள். ஒரு முடிச்சு ஏறக்குறைய 1 மி.மீ. நீளம் சேர்க்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். 60 மணி மாலை முடிச்சுகளாலேயே 6 செ.மீ. நீளும். 18 அங்குல மாலைக்கு மடித்த நூலாக வேலை செய்ய இரண்டரை மீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். பாதியில் நூல் தீர்ந்தால் ஒட்டுப்போட வழியில்லை, பிரித்துத்தான் ஆக வேண்டும்.

விலை எப்படிப் போடுவது? பொருள் செலவைப் போல இரண்டு மடங்கு என்கிறார்களே?
– வாசகி, மதுரை

அந்தக் கணக்கு மொத்தமாக வாங்கி விற்பவருக்கு. 240 ரூபாய்ப் பொருளில் நாலு மணி நேரம் முடிச்சுப் போட்ட மாலையை 480க்கு விற்றால் உங்கள் உழைப்புக்கு ஒரு மணி நேரத்துக்கு 60 ரூபாய்தான் நிற்கும். அட்டை, டப்பா, கூரியர் போனால் அதுவும் இல்லை. பொருள் விலையோடு நூற்றுக்குப் பத்து சேதாரம் கூட்டுங்கள். ஒவ்வொரு சரத்திலும் கோக்கத் தகாத மணி வரும். கடிகாரம் பார்த்து வேலை நேரத்தை எழுதி, உங்களுக்கு நியாயம் என்று படும் மணிக்கூலியால் பெருக்குங்கள். பேக்கிங் செலவைச் சேருங்கள். வரும் தொகையைக் கேட்டு வாடிக்கையாளர் முகம் சுளித்தால் கூலியைக் குறைக்காமல் வடிவத்தைக் குறையுங்கள்: முடிச்சுக்குப் பதில் கியர் வயர், முழுச் சுற்றுக்குப் பதில் பேக் ரோப். மறுகோப்பு ஒருமுறை இலவசம் என்று சொல்லி விற்பதானால் அந்த வேலைக்கும் அரை மணி நேரக் கூலியை இப்போதே விலையில் வைத்துவிடுங்கள்.